உரிமையாளருக்கு அனுமதி இல்லை

செவ்வாய்க்கிழமை காலையில் நானா அம்போன்சா எங்கள் அச்சுக்கடைக்கு வந்தபோது அன்ட்வியும் கூட வந்தார். நானா ஒரு குடும்பத்தின் தலைவர். அன்ட்வி அவருடைய வாய். ஒரு சாவுக் காரியம் முடியும்வரை நானா யாருடனும் நேராகப் பேசமாட்டார். அவர் சொல்வதை அன்ட்வி எடுத்துச் சொல்வார். மற்றவர்கள் சொல்வதையும் அன்ட்விதான் அவருக்கு எடுத்துச் சொல்வார். ஒரே மேசையைச் சுற்றி முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாலும் இதுதான் முறை.

"அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லு" என்றார் நானா.

அன்ட்வி தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நானா என்ன சொல்றாருன்னா, புத்தகம் ரொம்ப லட்சணமா வந்திருக்காம். இதைச் செஞ்ச கை நல்லா இருக்கணுமாம். நடுவுல ஒரு பக்கம் மட்டும் அவர் கண்ணை லேசா உறுத்துதாம்."

"உறுத்துதுன்னு நான் எப்ப சொன்னேன்? எடுக்கச் சொன்னேன்."

"எடுத்துடணுமாம்."

அவர் சொன்ன பக்கம் போகுவா எழுதியது. இறந்துபோன துமாசியின் மகள் அவள். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். சனிக்கிழமை துமாசியின் அடக்கம். அன்று வருகிறவர்கள் கையில் கொடுக்கும் புத்தகத்தைத்தான் நாங்கள் அச்சடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய வாழ்க்கைக் குறிப்பு, படங்கள், மனைவி, சகோதரிகளின் பிள்ளைகளான மருமக்கள், சபை, மரக்கிடங்கில் கூட வேலை பார்த்தவர்கள் என்று ஆளாளுக்கு ஓர் அஞ்சலி. போகுவா தன் அப்பாவைப் பற்றித் தன் பெயரில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாள். அது புத்தகத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவள் எங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் இனத்தில் ஒருவர் எந்தக் குடும்பம் என்பதைத் தாய்தான் தீர்மானிக்கிறாள். துமாசி, தன் தாய் வழியில், நானாவின் குடும்பம். போகுவா அவளுடைய தாயின் குடும்பம். துமாசியின் உடல் நானாவின் பொறுப்பு. நாள் குறிப்பதும், யார் பேசலாம் யார் எழுதலாம் என்பதும் நானாவின் பொறுப்பு. பிள்ளைகள் சவப்பெட்டி வாங்கித் தரவேண்டும். அதற்குமேல் அவர்கள் விருந்தாளிகள்.

"பிள்ளைங்க சார்பா நாலு வரி ஏற்கெனவே இருக்குதே" என்றார் நானா. "நானே உட்கார்ந்து எழுதினேன்."

"அந்தப் பக்கத்தை வாசிச்சுப் பார்த்தீங்களா?" என்று நான் கேட்டேன்.

"வாசிக்க மாட்டேன்னு சொல்லு. வாசிச்சா ஏத்துக்கிட்ட மாதிரி. ஒரு பொண்ணு அப்பனைப் பத்தி முழுப் பக்கம் எழுதினா பான்டாமாவுல அவன் விட்டுப்போன வீட்டுல பங்குன்னு அதுல வராம இருக்காது."

"நானாவுக்கு இப்ப கண்ணாடி கையில இல்லையாம்" என்றார் அன்ட்வி.

நான் வாசித்திருந்தேன். பக்கம் அமைக்கிறவன் வாசிக்கவேண்டியதில்லை. வரிகள் கட்டத்துக்குள் உட்காருகின்றனவா என்று பார்த்தால் போதும். வாரத்துக்கு அத்தனை சாவுகள் எங்கள் கடைக்கு வருகின்றன. ஆனாலும் நான் வாசிப்பேன். வாசித்ததை யாரிடமும் சொல்வதில்லை. அன்றும் சொல்லவில்லை. பக்கத்தை எடுத்து, அழிக்காமல், கோப்பிலேயே ஓரமாக வைத்தேன்.

கடையின் உரிமையாளர் டுஃபி, அவித்த நிலக்கடலையை உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு வீட்டுல இருந்தே மறுபடி உள்ளே போட்டுடுவா, நானா. கோப்பு அவ பேர்லதான் இருக்கு" என்றார்.

அது உண்மை. எங்கள் கடையில் யார் முதலில் படங்களோடு வருகிறார்களோ அவர்கள் பெயரில் பின்னறைக் கணினியில் இடம் ஒதுக்குவோம். அந்தக் கணினியில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். குடும்பத்தார் வீட்டிலிருந்தே அதற்குள் எழுத்தையும் படத்தையும் அனுப்பலாம். துமாசி இறந்த வாரம் முதலில் வந்தவள் போகுவா. ஆகவே கோப்பின் உரிமையாளர் போகுவா. நானாவும் அவருடைய மருமக்களும் ஒரு குழு. எங்கள் கடையும் அந்தக் குழுவில் ஒன்று. மீதிப் பேர் எல்லாம் 'மற்றவர்கள்.'

"அவ கை வைக்க முடியாதபடி பண்ணச் சொல்லு" என்றார் நானா. "குடும்பம் என்ன வேணா செய்யலாம். ஊர்ல இருக்கிற எல்லாரும் பார்க்கலாம். அவ மட்டும் கூடாது."

லினக்ஸில் ஒரு கோப்புக்கு மூன்று இலக்கங்களில் பூட்டுப் போடலாம். முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது உலகத்துக்கு. ஏழு என்றால் எல்லாம் செய்யலாம், நான்கு என்றால் பார்க்க மட்டும், பூஜ்யம் என்றால் ஒன்றும் கிடையாது. உலகம் முழுவதும் இதைச் செய்கிறவர்கள் உரிமையாளருக்கு நிறையக் கொடுத்து, போகப்போகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். நான் நிர்வாகியின் பெயரில் நுழைந்து பூஜ்யம், ஏழு, நான்கு என்று தட்டினேன். உரிமையாளருக்கு ஒன்றுமில்லை, குழுவுக்கு எல்லாம், ஊருக்குப் பார்வை. வேறு ஊர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் விரல் தவறிவிட்டது என்று நினைத்திருப்பான். எனக்கு அப்போது அது விசித்திரமாகவே படவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற ஏற்பாடுதானே.

புதன்கிழமை மருமக்கள் அட்டைப் படத்தை மாற்றினார்கள். வியாழக்கிழமை பிற்பகலுக்குள் கோப்பை அச்சுத் தகடு போடுகிறவரிடம் அனுப்பவேண்டும். வெள்ளிக்கிழமை அவர் வேறொரு அடக்கத்துக்குப் போகிறார். கடைசியாக ஒருமுறை பார்த்துச் சரி சொல்வதற்காக நானாவும் அன்ட்வியும் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் முன்னறைக் கணினியில் வழக்கமான வேலையைச் செய்தேன். முன்னறையில் இருப்பது விண்டோஸ். அதற்குள் லினக்ஸ் கருவிகளைக் குடிவைத்திருக்கிறோம். கறுப்புச் சன்னல் ஒன்று திறக்கும், அதில் ஒரு வரி தட்டினால் பின்னறையிலிருந்து கோப்பு அப்படியே நகலாகி வந்து பழைய நகலின் மேல் உட்காரும். வந்து உட்கார்ந்தது. திறந்தேன். திறக்கவில்லை.

"என்னவாம்?" என்றார் நானா.

திரையில் இருந்ததை அன்ட்வி குனிந்து வாசித்தார். "நானா, கணினி வணக்கம் சொல்லுது."

"அன்ட்வி."

"இந்தக் கோப்பைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லைன்னு சொல்லுது. நிர்வாகி கிட்ட அனுமதி கேட்கணுமாம்."

நானா நாற்காலியில் நிமிர்ந்தார். தோளில் இருந்த துணியைச் சரிசெய்துகொண்டார். "கேட்டுடுச்சில்ல. குடுத்தேன்னு சொல்லு."

அன்ட்வி திரையைப் பார்த்து, குரலை உயர்த்தி, "நானா அம்போன்சா மனசு குளிர்ந்து அனுமதி குடுத்துட்டாரு" என்றார். எல்லோரும் காத்திருந்தோம். டுஃபிகூட கடலை உரிப்பதை நிறுத்தினார்.

நான் கணினியை அணைத்துப் போட்டேன். கோப்பின் பெயரை மாற்றப் பார்த்தேன். வேறு இடத்துக்கு நகலெடுக்கப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்கும் கணினியிலிருந்து அதே கோப்பைத் திறந்தால் பளிச்சென்று திறந்தது. பார்க்கலாம், ஆனால் அதில் பக்கம் அமைக்கும் மென்பொருள் கிடையாது. ஆக, கோப்பு கெட்டுப்போகவில்லை. கடையில் இருக்கிற எல்லாருக்கும் அது திறக்கிறது. எனக்கு மட்டும் திறக்கவில்லை.

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன்.

"யோசிக்கிறான்" என்று டுஃபி மற்றவர்களுக்கு விளக்கினார். "கொஞ்ச நேரம் ஆகும். போன மழைக்காலத்துல ஒருநாள் இப்படி உட்கார்ந்தான், நான் போய்க் கென்கி வாங்கித் தின்னுட்டு வந்தேன், அப்பவும் அப்படியே இருந்தான்."

அந்த நேரத்தில்தான் போகுவா உள்ளே வந்தாள். பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். சட்டைக் கையில் சுண்ணக்கட்டித் தூள். வந்த வேகத்தில் என் மேசை முன்னால் நின்றாள்.

"பெடியாக்கோ, நேத்துல இருந்து என் கோப்பைத் திறக்க முடியல. உங்களுக்கு அனுமதி இல்லைங்குது. எங்கப்பா படம், நான் கொண்டுவந்தது, நான் அனுப்பினது. எனக்கே இல்லையாம்."

"எங்களுக்கும் இல்லையாம்" என்றார் அன்ட்வி.

அவள் அப்போதுதான் அவர்களைக் கவனித்தாள். முழங்காலை லேசாக மடித்து நானாவுக்கு மரியாதை செய்தாள். அது கோபத்திலும் தவறாத பழக்கம். பிறகு அன்ட்வியிடம் சொன்னாள்: "இதுல ஏதோ பண்ணி வச்சிருக்கீங்கன்னு நானா கிட்ட சொல்லுங்க."

"பொண்ணு உங்க உடம்பு சௌக்கியமான்னு கேக்குது, நானா."

"அவதான் பண்ணியிருக்கான்னு சொல்லு. பள்ளிக்கூடத்துல ஏதோ மருந்து கலக்குறவதானே."

"நானாவும் உன் சௌக்கியத்தைத்தான் கேக்குறாரு."

அதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சொல்லலாமா என்று இன்னும் சற்று யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ணல. லினக்ஸ் முதல்ல ஒரே ஒரு கேள்விதான் கேக்கும், நீ உரிமையாளரான்னு. ஆமான்னா முதல் இலக்கத்தைப் பார்க்கும். அங்க பூஜ்யம் இருந்தா அதோட சரி. குழுவுக்கு என்ன, ஊருக்கு என்னன்னு மேற்கொண்டு பார்க்காது. அதனால போகுவாவுக்குக் கதவு மூடிடுச்சு. அது நாம கேட்டபடிதான்."

"நாம கேட்டபடியா?" என்றாள் போகுவா.

நான் திரையைச் சுட்டினேன். "விண்டோஸ்ல இலக்கம் கிடையாது. பேர் எழுதி, இவங்க வரலாம், இவங்க வரக்கூடாதுன்னு வைக்கும். கறுப்புச் சன்னல்ல இருக்கிற கருவி ரொம்ப விசுவாசமானது. கோப்பைக் கொண்டுவரும்போது பூட்டையும் அப்படியே கொண்டுவந்திருக்கு. பூஜ்யத்தை எடுத்து, உரிமையாளர் வரக்கூடாதுன்னு விண்டோஸ் பாஷையில எழுதி வச்சிருக்கு. ஆனா நகலுக்கு யார் உரிமையாளர்? நகலெடுத்தவன். இந்தக் கணினியில நான்தான் உரிமையாளர்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ நீ இப்ப துமாசி மகளா?" என்றார் டுஃபி.

"இந்தக் கோப்பைப் பொறுத்தவரைக்கும்."

போகுவாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த கோபம் போய்விடக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டது தெரிந்தது. "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"சவப்பெட்டி வாங்கச் சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

நானா துணியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார். "பூட்டுனவன் திறக்கட்டும்னு சொல்லு."

"திறக்கலாம்" என்றேன். "முதல் இலக்கத்துல பூஜ்யத்தை எடுத்துட்டு ஏழு போட்டா நகல் எனக்குத் திறந்துடும். ஆனா அந்த இலக்கம் போகுவாவோடது. எனக்குத் திறந்தா அவங்களுக்கும் திறந்துடும்."

"திறந்தா என் பக்கத்தைத் திரும்ப வச்சிடுவேன்" என்றாள் போகுவா. "இதை அப்படியே சொல்லுங்க, அன்ட்வி. பூ வச்சுச் சொல்லவேண்டாம்."

அன்ட்வி பாவம், வாயைத் திறந்து மூடினார்.

டுஃபி என்னைப் பார்த்தார். அவருக்கு என்னை நன்றாகத் தெரியும். "வேற வழியே இல்லையா, பெடியாக்கோ? அவளுக்குத் திறக்காம நமக்கு மட்டும்?"

வழி இருந்தது. கோப்பை மட்டும் கொண்டுவா, பூட்டை அங்கேயே விட்டுவிடு என்று அந்தக் கருவியிடம் சொல்லலாம். ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தட்டினால் போதும். இல்லையென்றால் நகலின் உரிமையாளன் என்ற முறையில் அதன் பூட்டை நானே கழற்றலாம். உள்ளே போகத் தடை விதிக்கப்பட்ட உரிமையாளனுக்குக்கூட அந்தத் தடையை நீக்கும் உரிமையை விண்டோஸ் விட்டுவைத்திருக்கிறது. ஒரு நிமிட வேலை. அதைச் செய்தால் நானா வீட்டுக்குப் போவார், தகடு போகும், சனிக்கிழமை ஊர் முழுவதும் துமாசியைப் பற்றி வாசிக்கும், அவர் மகள் எழுதியதைத் தவிர.

டுஃபியின் கேள்வி மேசையில் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் இருப்பது கடையில் யாருக்கும் புதிதல்ல என்பதால் யாரும் அதற்கு ஒரு பொருளும் கொடுக்கவில்லை. வெளியே அசாஃபோ சாலையில் ஒரு வண்டிக்காரன் "கெஜேட்டியா, கெஜேட்டியா" என்று சந்தைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். டுஃபி மட்டும் என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு மறுபடி கடலையை எடுத்தார்.

"யோசிச்சு முடிச்சிட்டான். இல்லையாம், நானா" என்றார்.

நானா நெடுநேரம் திரையையே பார்த்தார். பிறகு அன்ட்வியிடம், "அவ தொட மாட்டேன்னு வாக்குக் குடுத்தா திறக்கட்டும்" என்றார்.

"வாக்கெல்லாம் குடுக்க மாட்டேன்" என்றாள் போகுவா. "ஆனா ஒண்ணு சொல்லுங்க. முதல்ல அதை வாசிக்கட்டும். அதுல வீடு, நிலம், சொத்துன்னு ஒரு வார்த்தை இருந்தா நானே என் கையால அழிச்சிடறேன். இல்லைன்னா பக்கம் புத்தகத்துல இருக்கணும்."

"கண்ணாடி இல்லை" என்றார் நானா.

"அன்ட்விக்குக் கண்ணு இருக்குல்ல?"

கணக்கு மேசைக் கணினியில் திறந்த கோப்பின் ஓரத்தில் அந்தப் பக்கம் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அன்ட்வி எழுந்து நின்று, அரண்மனையில் வாசிப்பதுபோலத் தொடங்கினார்.

"மரங்களுக்குள் மரமான துமாசி, அறிவில் சிறந்த..."

"நான் அப்படி எழுதல" என்றாள் போகுவா.

"எடுப்புக்கு ஒரு வரி."

"இருக்கிறதை வாசிங்க."

அவர் இருக்கிறதை வாசித்தார். எடுப்பு இல்லாமல் வாசிக்க அவருக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கால் தடுக்கியவர்போல நின்றார்.

"என் அப்பாவின் துணியில் எப்போதும் மரத்தூள் இருக்கும். பள்ளிக்கு என்னை நடத்திக் கூட்டிப்போவார். வழியில் பேசமாட்டார். பேசாமல் நடக்கிறவருடன் நடப்பது எப்படி என்று எனக்கு அதிலிருந்துதான் தெரியும். வாசலில் என் காலரைச் சரிசெய்வார். நான் உள்ளே போனபிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். ஒருநாள் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். நீ திரும்பிப் பார்ப்பாயா என்று பார்க்கிறேன் என்றார். நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை, நேரமாகிவிட்டிருக்கும். அதற்குப் பிறகு பார்த்தேன்."

டுஃபி மடியிலிருந்த தோல்களைத் தட்டிவிட எழுந்தவர், தட்டாமல் நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேசுவார். அன்று தன் அண்ணன் அம்போன்சா வீட்டு வாசலில் டாமே ஆட்டப் பலகை விரிப்பார்கள். அங்கே அப்பாவின் சத்தம் தெருமுனைவரை கேட்கும். ஒவ்வொரு வாரமும் அப்பாதான் ஜெயிப்பார். வீட்டுக்கு வந்து, பாவம் என் அண்ணன், காய் நகர்த்தத் தெரியாது, ஆனால் அவன் மாதிரி மனிதன் கிடையாது என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போவார்."

அன்ட்வி நிறுத்தினார். இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. நானா அவருக்கு ஒரு முழங்கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

நானா திரும்பி, அந்த வாரத்தில் முதல்முறையாகப் போகுவாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எப்ப ஜெயிச்சான்?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு வாரமும், நானா."

"பொய். ஈஸ்டருக்கு முந்தின வாரம் நான் ஜெயிச்சேன். அவன் காயைத் தட்டிவிட்டுட்டு எழுந்துட்டான்."

"அப்பா சொன்னதைத்தான் எழுதினேன்."

"சொல்லுவான். அவன் ஆட்டத்துல ஏமாத்துவான், தெரியுமா உனக்கு? நான் தண்ணி குடிக்கத் திரும்பினா ஒரு காய் நகர்ந்திருக்கும்." அவர் தோள்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "வீடு எங்க வருது?"

"வரல."

"கடைசியில?"

"கடைசி வரைக்கும் வரல, நானா. அந்த வீட்டுக் கூரை ஒழுகுது, யாருக்கு வேணும்."

நானா தோள்துணியை மறுபடி சரிசெய்துகொண்டார்.

"பக்கம் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "அந்த ஒரு வரியை எடு. எல்லா வாரமும் அவன் ஜெயிச்சான்கிற வரி."

"எடுக்க முடியாது."

"மாத்து. பெரும்பாலான வாரம்னு போடு."

"அப்பா அப்படிச் சொல்லல."

"செத்தவன் சொன்னான்னு நீ அடிச்சு விட்டா, சனிக்கிழமை ஊரே என்னை என்ன நினைக்கும்?"

"காய் நகர்த்தத் தெரியாத நல்ல மனுசன்னு நினைக்கும்" என்றாள்.

தகடு போடுகிறவர் டுஃபியின் கைபேசியில் கூப்பிட்டார். வருகிறீர்களா, கடையை மூடட்டுமா என்றார். டுஃபி கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே எங்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

"அப்போ கீழே ஒரு வரி போடு" என்றார் நானா, என்னைப் பார்த்து நேராக. "குடும்பத் தலைவர் இதை மறுக்கிறார்னு. சின்ன எழுத்துல வேணாம். தெரியுற மாதிரி."

நான் போகுவாவைப் பார்த்தேன். அவள் சற்று யோசித்தாள். "போடுங்க" என்றாள். "ஆனா ஈஸ்டர் கதை வேணாம்."

"ஈஸ்டரும் வரணும்."

"இடம் இல்லை" என்றேன். அதுவும் உண்மைதான், ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது.

பின்னறைக்குப் போய் நிர்வாகியின் பெயரில் நுழைந்து பூஜ்யத்தை அழித்து ஏழு போட்டேன். திரும்பி வந்து கறுப்புச் சன்னலில் பழைய வரியையே மறுபடி தட்டினேன். கோப்பு வந்தது. திறந்தது. போகுவா என் தோளுக்குப் பின்னால் நின்றாள், நானா இன்னொரு தோளுக்குப் பின்னால். இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது. ஓரமாகக் கிடந்த பக்கத்தைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தேன். அடியில் நானாவின் மறுப்பு. அன்ட்வி அதை, 'பெருமதிப்புக்குரிய குடும்பத் தலைவர் இதைப் பணிவுடன் மறுக்கிறார்' என்று மாற்றச் சொன்னார். பணிவெல்லாம் வேண்டாம் என்று நானா சொல்லிவிட்டார்.

அவர்கள் போனபிறகு டுஃபி என் மேசையில் ஒரு கைப்பிடி கடலையை வைத்தார். "வழி இருந்துச்சுல்ல?" என்றார்.

நான் கடலையைத் தின்றேன். அவர் சிறிது நேரம் காத்திருந்து பார்த்தார், பிறகு கதவைப் பூட்டப் போனார்.

சனிக்கிழமை நானும் போனேன். கறுப்பும் சிவப்புமாகத் துணிகள், வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒலிபெருக்கியின் இரைச்சல். எல்லோர் கையிலும் எங்கள் புத்தகம். எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை; யாரோ ஒருவர் அந்த மறுப்பைப் பார்த்து, எதை மறுக்கிறார் என்று மேலே வாசித்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டியிருக்கவேண்டும். தாள் திருப்பும் சத்தம் கூடாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று. வாழ்க்கைக் குறிப்பை யாரும் வாசிக்கவில்லை. மருமக்களின் அஞ்சலியை யாரும் வாசிக்கவில்லை. மரக்கிடங்கிலிருந்து வந்த கிழவர்கள் நானாவின் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவிருந்தது. ஒருவர்கூட நானாவின் பக்கம் இல்லை.

"ஈஸ்டருக்கு முந்தின வாரம்" என்று நானா கத்துவது எனக்குக் கேட்டது. "கேளுங்கய்யா, ஈஸ்டருக்கு முந்தின வாரம்."

போகுவா தன் தாய்வீட்டாரோடு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துணியின் முனையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கினாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அழுகைபோலத்தான் இருந்தது. ஒரு பெண் எழுந்து வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.